பின்னறையில் இருக்கும் அண்ணாவை எழுத வருகிறவர்களுக்கு

மனவளர்ச்சி குன்றிய ஒருவரைக் கதையில் கொண்டுவர நினைக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு கியூபெக்கின் மொன்றியலில் உள்ள இல்-பிசார் தீவிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்க நாவல்களைத்தான் அதிகம் இழுப்பேன். நல்லதும் கெட்டதும் அங்கே துலக்கமாகத் தெரியும்.

1. முதலில் வில்லியம் ஃபோக்னரின் 'த சவுண்ட் அண்ட் த ஃபியூரி' (1929) நாவலின் முதல் பகுதியைப் படியுங்கள். விளங்காவிட்டாலும் பரவாயில்லை, தொடருங்கள். பென்ஜிக்கு வயது 33, பேச்சு வராது. கதையை அவன்தான் சொல்கிறான். வேலிக்கு அப்பால் கோல்ஃப் ஆடுகிறவர்கள் பை தூக்கும் பையனை 'கேடி' என்று கூப்பிடுகிறார்கள். வீட்டை விட்டுப் போன அக்காவின் பெயரும் கேடி. இவன் கதறுகிறான். அந்த மைதானம் ஒருகாலத்தில் இவனுடைய புல்வெளி. அண்ணனின் ஹார்வர்ட் படிப்புக்காக விற்றுவிட்டார்கள். எங்கள் தீவிலும் 1959 முதல் ரோயல் மொன்றியல் கோல்ஃப் கழகம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குப் பென்ஜியின் ஞாபகம்தான். அவன் ஏன் கதறுகிறான் என்று ஃபோக்னர் அந்த முதல் பகுதியில் ஓரிடத்திலும் விளக்கவில்லை, கவனித்தீர்களா?

2. ஆனால் காலம் முன்னும் பின்னும் தாவுகிற அந்த நடையைப் பார்த்து எழுத வேண்டாம். காலத்தைக் குழப்பிவிட்டால் பென்ஜி வந்துவிட மாட்டான்.

3. யாருடைய துக்கத்துக்காக உங்கள் பாத்திரத்தைச் சாகடிக்கிறீர்கள் என்று உங்களையே கேளுங்கள். ஸ்டைன்பெக்கின் 'ஒஃப் மைஸ் அண்ட் மென்' (1937) முடிவில் மனவளர்ச்சி குன்றிய லெனியை நண்பன் ஜோர்ஜே சுடுகிறான். நாங்கள் ஜோர்ஜுக்காக அழுகிறோம். அருமையான நாவல்தான், ஆனாலும் எனக்கு அந்த அழுகையில் ஒரு நெருடல் உண்டு. பிறகு நடந்ததைப் பாருங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. யார் அப்படிப்பட்டவர்? 2004இல் டெக்சஸ் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் லெனியை உதாரணம் காட்டியது! கற்பனைப் பாத்திரம் ஒன்று உயிருள்ள மனிதர்களுக்கு அளவுகோலானது. 2012இல் ஸ்டைன்பெக்கின் மகன் தோமஸ் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். உச்ச நீதிமன்றம் அந்த அளவுகோலைத் தள்ளியது 2017இல்தான்.

4. வைத்தியக் கோப்பை நம்பிப் பாத்திரம் செய்யாதீர்கள். எங்கள் கியூபெக்கிலேயே 1940கள், 50களில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளுக்கு மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று பொய்ச் சான்றிதழ் கொடுத்தார்கள். அநாதை இல்லத்தைவிட மனநல மருத்துவமனைக்கு அரசுப் பணம் கூடக் கிடைத்ததுதான் காரணம். மொன்றியலில் மோன்-ப்ரோவிடான்ஸ் பள்ளியே 1954இல் மனநல மருத்துவமனையாக மாறிற்று. அந்தப் பிள்ளைகளை அன்றைய கியூபெக் முதல்வரின் பெயரால் 'டுப்ளெசியின் அநாதைகள்' என்பார்கள், தேடிப் படியுங்கள்.

5. 'குழந்தை மனசு' வேண்டாம். 'தெய்வத்திருமகள்' (2011) படம் பார்த்து நானும் கண்ணைத் துடைத்தவன்தான். ஆனால் முப்பது வயது ஆளுக்கு ஆசை, எரிச்சல், பொறாமை, கள்ளத்தனம் எல்லாம் இருக்கும். பென்ஜியின் வீட்டார் பயந்துபோய் அவனுக்குக் காயடித்தார்கள். ஃபோக்னர் அதை மறைக்கவில்லை.

6. இனி எங்கள் தமிழ் வீடுகள். தங்கச்சிக்குக் கலியாணம் பேச ஆட்கள் வருகிற அன்று அண்ணாவைப் பின்னறையில் இருத்திக் கதவைச் சாத்துகிற வழக்கம் ஊரிலும் இருந்தது, இங்கும் வந்து சேர்ந்தது. அதை எழுதுங்கள். ஆனால் வெட்கப்படுகிற தாயிடமிருந்தோ கோபப்படுகிற தங்கச்சியிடமிருந்தோ தொடங்காதீர்கள். அவை எங்களுக்குச் சுலபம். அறைக்குள் இருப்பவரிடமிருந்து தொடங்குங்கள். வந்தவர்களில் யாருடைய குரல் அவருக்குப் பிடிக்கவில்லை? கதவைச் சாத்தினால் என்ன அர்த்தம் என்று அவருக்கு எத்தனை வருஷமாகத் தெரியும்? வந்தவர்கள் போனபிறகு பலகாரத்தில் அவருக்கும் பங்கு வைத்தார்களா என்பதையும் மறக்காமல் விசாரித்து எழுதுங்கள்.