பழங்காசுகளும் அவற்றின் விலையும்

(பத்தாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு)

கையில் ஒரு பழைய நாணயம் அகப்பட்டால் நம் எல்லோருக்கும் முதலில் எழும் கேள்வி, "இது எந்தக் காலத்துக் காசு?" என்பது. அடுத்த கேள்வி, "இதற்கு எவ்வளவு கிடைக்கும்?" என்பது. முதல் கேள்விக்கு விடை பெரும்பாலும் நாணயத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாவது கேள்விக்கு விடை தேடிப் போய் நான் அறிந்துகொண்டவற்றையும், அறிவதற்கு முன் செய்துவிட்ட ஒரு காரியத்தையும் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் என் அக்காவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணத்துக்கு என்ன செய்வது என்று அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட பாட்டி, எழுந்து போய்த் தம் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து வந்தார். உள்ளே மூன்று நாணயங்கள் இருந்தன. "பழைய காசுக்கு லட்சம் லட்சமாகக் கொடுக்கிறார்களாம். இதை விற்றுப் பிள்ளையைச் சேருங்கள்" என்றார்.

முதலாவது 1943ஆம் ஆண்டு இங்கிலாந்து ஷில்லிங். பாட்டியின் தந்தை இரண்டாம் உலகப்போரில் பட்டாளத்தில் இருந்தபோது கிடைத்தது. இரண்டாவது 1911ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முகம் பொறித்தது. மூன்றாவது 1808ஆம் ஆண்டுச் செம்புக் காசு. மூன்றும் கறுத்துப் போயிருந்தன.

லட்சக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சித்தப்பாவின் கைப்பேசிக்கு, பழைய நாணயத்துக்குப் பல லட்சம் தருவதாக ஒரு செய்தி வந்திருந்தது. முதலில் பதிவுக் கட்டணம் என்று இரண்டாயிரம் ரூபாய் கேட்டார்கள், அனுப்பினார். பிறகு வரி என்றார்கள், அதையும் அனுப்பினார். அதன்பின் அந்த எண்ணில் யாரும் பேசவில்லை. இப்படிப்பட்ட அழைப்புகளை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் மாதத்திலேயே மக்களை எச்சரித்திருக்கிறது. பழைய காசையும் நோட்டையும் வாங்கி விற்கத் தன் பெயரால் கட்டணம் வாங்கும் உரிமையை எவருக்கும் தரவில்லை என்றும் அது கூறியது. சித்தப்பா அதைப் படித்தது பணம் போன பிறகுதான்.

பள்ளி திறந்ததும் எங்கள் வரலாற்று ஆசிரியையான சிஸ்டரிடம் இதையெல்லாம் கூறினேன். அவர் சிரித்துவிட்டு, "எவ்வளவு பழையது என்று கேட்காதே, எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று கேள்" என்றார். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே மூன்று காசுகளையும் ஆராயத் தொடங்கினேன்.

ஷில்லிங்கின் ஒரு பக்கத்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கத்தில் கிரீடத்தின்மேல் நேராக நம்மைப் பார்த்து அமர்ந்திருக்கும் ஒரு சிங்கம். அதன் ஒரு கையில் வாள், மற்றொன்றில் செங்கோல். ஒரு புறம் சிறிய கேடயத்தில் பெருக்கல் குறி போன்ற சிலுவை இருந்தது. அது புனித அந்திரேயாவின் சிலுவை என்று கண்டதும் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. (பெலவேந்திரர் என்று நம் முன்னோர் அழைத்தது இவரையே.) அந்திரேயா ஸ்காட்லாந்து நாட்டின் பாதுகாவலர். மறுபுறம் உள்ள முட்செடி மலர் அந்நாட்டின் சின்னம். ஆறாம் ஜார்ஜின் துணைவியார் எலிசபெத் அரசியார் ஸ்காட்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதால், 1937 முதல் ஷில்லிங்கை ஆங்கில வகை, ஸ்காட்லாந்து வகை என இரண்டு விதமாக அச்சிட்டார்கள்.

ஸ்காட்லாந்து நாணயம் என்றால் அரியது அல்லவா என்று நினைத்தேன். அப்படியல்ல. 1707இல் இங்கிலாந்தோடு இணைந்தபின் ஸ்காட்லாந்துக்குத் தனி நாணயம் இல்லை. எடின்பரோ நாணயச்சாலையும் 1709இல் தன் வேலையை நிறுத்தியது. அதற்கு முற்பட்ட அந்நாட்டுக் காசுகளே ஏலங்களில் மதிப்புப் பெறுகின்றன. உதாரணமாக, கத்தோலிக்க அரசி மேரி 1565இல் ஹென்றி டார்ன்லியை மணந்தபோது, இருவர் முகமும் எதிரெதிரே பார்ப்பதுபோல் ஒரு வெள்ளி நாணயம் வெளியானது. அதில் ஆட்சி செய்யும் அரசியின் பெயருக்கு முன்னால் கணவரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது! அந்த நாணயம் விரைவில் திரும்பப் பெறப்பட்டது. இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சில. எங்கள் ஷில்லிங்கோ லட்சக்கணக்கில் அச்சானது. 1943 என்பதால் அதில் பாதி வெள்ளி உண்டு. 1947க்குப் பிந்தியவற்றில் அதுவும் கிடையாது. வெள்ளி விலைக்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

அச்சிட்ட எண்ணிக்கையே விலையை ஆக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் 1933ஆம் ஆண்டுப் பென்னியைக் காட்டுவார்கள். அந்த ஆண்டு நாட்டில் பென்னிகள் தேவைக்கு மேல் இருந்ததால் புதிதாக வெளியிடவில்லை. கட்டடங்களின் அடிக்கல்லின் கீழ் வைப்பதற்கும் காட்சிக்கும் என ஒரு சிலவே அச்சாயின. இன்று ஏழளவே இருப்பதாகக் கணக்கு. லீட்ஸ் நகரில் ஓர் ஆலயத்தின் அடிக்கல்லின் கீழ் ஒன்று இருந்தது. 1970இல் திருடர்கள் அதைத் தோண்டி எடுத்துப் போய்விட்டார்கள். அதே மறைமாவட்டத்தின் இன்னோர் ஆலயத்திலும் ஒன்று இருந்ததால், அதுவும் போகுமுன் ஆயரே அதை எடுக்கச் செய்து ஏலத்தில் விற்றுவிட்டார். செம்பு கலந்த ஒரு பென்னிக்காக ஆலயத்தின் அடிக்கல்லையே பெயர்த்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி 1808ஆம் ஆண்டுச் செம்புக் காசு. இருநூறு ஆண்டு கடந்தது என்பதால் பாட்டி இதன்மேல்தான் பெரிய நம்பிக்கை வைத்திருந்தார். இது நம் சென்னைக்காகவே இங்கிலாந்தில் செய்த காசு. பர்மிங்ஹாம் நகரில் மாத்யூ போல்டன் என்பவரின் நீராவி இயந்திர ஆலையில் அச்சிட்டுக் கப்பலில் அனுப்பினார்கள். ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தும், கீழே 'பத்து கேஷ்' என்ற ஆங்கிலப் பொறிப்பும். அந்தக் 'கேஷ்' வேறொன்றுமில்லை, நம் காசுதான்! அக்காலச் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அப்படியானால் பாட்டியின் பத்துக் காசு போல 336 சேர்ந்தால்தான் ஒரு வராகன் ஆகும். (இந்தக் கணக்கைப் போட்டதற்கு எங்கள் கணித ஆசிரியை பாராட்டினார்.)

இந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. பீப்பாய் பீப்பாயாகச் செம்புக் காசுகள் கடலடியில் கிடந்தன. 1980களில் முக்குளிப்பவர்கள் அவற்றை வெளியே கொண்டுவந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல்! இவ்வளவு காசு ஒரேயடியாகச் சந்தைக்கு வந்தால் விலை எப்படி ஏறும்? இதில் எனக்கு வியப்பான செய்தி, கடலில் கிடந்தவற்றுள் பலவற்றில் எழுத்து இன்றும் தெளிவாக இருப்பதுதான். அவை ஒருவர் கையும் படாதவை. எங்கள் காசோ சென்னைக் கடைவீதியில் எத்தனை கைகள் மாறியதோ, சிங்கத்தின் முகமே தேய்ந்துவிட்டது. ஆகவே வாங்குபவர்கள் கடற்காசையே விரும்புகிறார்கள். ஆனால் எனக்கு எங்கள் காசுதான் பிடிக்கிறது. அதில் யாரோ கத்தரிக்காய் வாங்கியிருப்பார்கள்.

அக்காலக் காசுகளை நேரில் காண விரும்புவோர் ஊரப்பாக்கத்தில் மின்சார ரயிலேறி எழும்பூரில் இறங்கினால் போதும். 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அதன் நாணயத் தொகுப்பு புகழ் பெற்றது. அதைத் தொடங்கி வைத்த எட்வர்ட் பால்ஃபர் ஸ்காட்லாந்துக்காரர். 1783இல் சென்னைக்கு வந்து, ஊர் ஊராக அளந்து, ஓலைச்சுவடியும் கல்வெட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நாணயங்களும் திரட்டிய காலின் மெக்கன்சியும் அந்நாட்டவரே. தென்னிந்திய நாணயங்களைப் பற்றி 1886இல் பெரிய நூல் வெளியிட்ட சர் வால்டர் எலியட்டும் அப்படியே. கண்பார்வை போன முதுமையில் அதை முடித்தாராம். நாம் உருக்கிக் கம்மல் செய்துவிட்ட காசுகளை அவர்கள் எண்ணிக் குறித்து வைத்தார்கள் என்பதை எண்ணினால் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது அந்த வெள்ளி ரூபாய்க்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் தயங்கினேன்.

1911ஆம் ஆண்டு ரூபாயில் மன்னரின் அங்கியில் ஒரு யானை உருவம் உண்டு. துதிக்கை குட்டையாக அமைந்ததால் அது பன்றிபோல் தோன்றிற்று. மக்கள் மனம் புண்பட்டது. பெரும் சலசலப்பு எழுந்தது. அரசு அந்த ரூபாயைத் திரும்பப் பெற்று உருக்கியது. சுமார் 94 லட்சம் அச்சிட்டதில் 7 லட்சம் அளவே வெளியே போயிருந்தன. அடுத்த ஆண்டே யானையின் துதிக்கையைத் திருத்திவிட்டார்கள். எனவே சேகரிப்போர் 1911ஆம் ஆண்டு ரூபாயை விரும்பித் தேடுகிறார்கள். பாட்டியின் முடிச்சில் உண்மையிலேயே மதிப்புள்ளது அதுதான்.

அதைத்தான் நான் தேய்த்துவிட்டேன். சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சி நடப்பதாக அப்பா அறிந்து வந்தார். அதற்குக் கொண்டு போகுமுன் காசுகள் பளபளவென்று இருக்க வேண்டும் என்று எண்ணி, செம்புக் காசைப் புளியாலும் வெள்ளி ரூபாயைப் பல்பொடியாலும் அரைமணி நேரம் தேய்த்தேன். ரூபாய் புதிதுபோல் மின்னிற்று. எனக்கு ஒரே பெருமை.

கண்காட்சியில் மேசை போட்டு அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடிவில்லையை வைத்து அதைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "இதை யாரம்மா தேய்த்தது?" என்றார். நான் வாய் திறக்கவில்லை. வில்லையை என்னிடமே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மன்னரின் கன்னத்திலும் தாடியிலும் மயிரிழை போன்ற கீறல்கள் நூற்றுக்கணக்கில் தெரிந்தன. "நூறு வருடமாகப் படிந்த கருமைதான் இதற்குப் பாதுகாப்பு. அது தானாக வந்தது, போனால் வராது. நாணயத்தை விளிம்பில் பிடிக்க வேண்டும், துடைக்கவே கூடாது" என்றார். பிறகு நிதானமாக இன்னும் பல சொன்னார். நாணயங்களை 'ஃபைன்', 'வெரி ஃபைன்', 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்', 'அன்சர்க்குலேட்டட்' எனத் தேய்மானத்தைப் பார்த்துத் தரம் பிரிப்பார்களாம். ஒரு படி இறங்கினாலும் விலை பாதியாவதுண்டாம். போலிகளைக் கண்டுபிடிக்க எடையும் விளிம்பும் பார்க்க வேண்டும். வெள்ளி ரூபாய் சரியாக ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், வார்த்தெடுத்த போலியின் விளிம்பில் ஒட்டுக் கோடு தெரியும், காந்தம் வெள்ளியை இழுக்காது.

ஏலத்துக்கு அனுப்பலாமா என்று அப்பா கேட்டார். மும்பை, பெங்களூரு, அகமதாபாத் நகரங்களில் நாணய ஏலங்கள் நடக்கின்றன. முன்னதாகவே படமும் எண்ணும் உத்தேச விலையும் போட்டுப் பட்டியல் வெளியிடுவார்கள். "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்று சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் கமிஷனும் வரியும் கட்ட வேண்டும்; விற்பவரின் தொகையிலும் கமிஷன் பிடிப்பதுண்டு. ஆகையால் சிறு காசுகளை ஏலத்துக்குக் கொண்டு போவது கட்டுப்படியாகாது. ஒரு நாணயத்தின் விலையை அறியக் கடைக்காரர் கேட்கும் விலையைப் பார்க்கக் கூடாது. முன் ஏலங்களில் அது உண்மையில் விற்ற விலையைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, நூறு ஆண்டு கடந்த நாணயங்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அவற்றை வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப முடியாது. மண்ணைத் தோண்டும்போது புதையலாகக் கிடைத்தால், 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரிடம் தெரிவித்தே ஆக வேண்டும்.

பெரியவர் எங்கள் ரூபாய்க்கு ஒரு விலை சொன்னார். அது அக்காவின் ஒரு மாத விடுதிச் செலவுக்கும் எட்டவில்லை. "தேய்க்காமல் இருந்திருந்தால் இதைப்போல் மூன்று பங்கு நானே கொடுத்திருப்பேன்" என்றார். ரயிலில் திரும்பி வரும்போது தாம்பரம் வரும்வரை நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வண்டலூர் தாண்டியதும் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார்.

அக்காவின் கட்டணத்துக்கு வங்கியில் கல்விக் கடன் கிடைத்தது. அக்கா இப்போது முதலாம் ஆண்டு. பாட்டியிடம் நடந்ததைச் சொல்லி அழுதேன். அவர் ரூபாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் கல்யாணத்தின்போதுகூட இது இவ்வளவு வெள்ளையாக இருந்ததில்லை. அழகாகத்தானே இருக்கிறது!" என்றார். ஷில்லிங்கை யாருக்கும் கொடுப்பதாக இல்லை. அது தம் அப்பாவுடையது என்றார்.

மூன்றும் மறுபடி மஞ்சள் துணிக்குள் போய்விட்டன; இம்முறை பெரியவர் சொன்னபடி ஒவ்வொன்றும் தனித்தனிக் காகித உறையில். செம்புக் காசு மட்டும் மெல்ல மெல்லப் பழுப்பேறத் தொடங்கியிருக்கிறது. மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன், விளிம்பில் பிடித்து.