கெர்னலைக் குடிபெயர்க்கும் இளம் நிரலாளருக்கு



இயங்குதளத்தின் நடுவே நின்று நினைவகத்தையும் செயலியின் நேரத்தையும் நிரல்களுக்குப் பங்கிட்டுத் தரும் கெர்னலை வேறொரு செயலிக்குக் கொண்டுசெல்லப் பொறுப்பேற்பவர், பெரும்பாலும் புதிய செயலியின் கையேட்டையே முதலில் விரிக்கிறார். அது தேவையானதுதான் என்றாலும், இப்பணியில் நாட்களை விழுங்குவது அக்கையேடு அன்று. பழைய செயலியைப் பற்றி எவரும் எழுதிவைக்காமலேயே நிரலுக்குள் ஊறிப்போன நம்பிக்கைகளே ஆகும்.

1973இல் யூனிக்ஸ் கெர்னல் சி மொழியில் திருத்தி எழுதப்பட்டிருந்தும், பிடிபி-11 என்ற 16 பிட் கணினிக் குடும்பத்தை விட்டு அது வெளியேறச் சில ஆண்டுகள் பிடித்தன. 1977ஐ ஒட்டி ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் இன்டர்டேட்டா 7/32 கணினிக்கும், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சனும் டென்னிஸ் ரிச்சியும் இன்டர்டேட்டா 8/32 கணினிக்கும் அதைத் தனித்தனியே கொண்டுசென்றனர். பிடிபி-11 ஓர் எண்ணின் குறைமதிப்புப் பைட்டை முன்னும், இன்டர்டேட்டா உயர்மதிப்புப் பைட்டை முன்னும் வைப்பவை. இவ்வேறுபாட்டைக் கவனியாமல் இரண்டிரண்டு பைட்டாகப் படித்தால் 'யூனிக்ஸ்' என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் 'நுக்ஸி' என்று புரண்டுவிடும். ஐயத்துக்குரிய வரிகளைச் சுட்டும் லின்ட் என்ற கருவியை ஜான்சன் உருவாக்கியதற்கு இத்தகைய இடர்ப்பாடுகளும் காரணம். இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை: சி மொழியின் 'சார்' வகை, லினக்ஸ் பயனர் நிரல்களின் வழக்கில், எக்ஸ்86 செயலிகளில் எதிர்மக் குறியை ஏற்கும், ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் செயலிகளில் ஏற்காது என்பதால், அதில் -1ஐ இட்டுப் பின்னர் சுழியத்தைவிடச் சிறியதா என்று சோதிக்கும் வரி ஓரிடத்தில் சரியாகவும் மற்றோரிடத்தில் பொய்யாகவும் முடிகிறது.

புதிய செயலியில் கெர்னலை எழுத்து ஒன்றையேனும் சீரியல் போர்ட்டில் அச்சிடச் செய்துவிட்ட பிறகு, மெய்நிகர் முகவரி முறையை இயக்கும் கட்டம் வருகிறது. அதுவரை நினைவகத்தின் உண்மை முகவரியில் ஓடிய நிரல், மெய்நிகர் முகவரியை உண்மை முகவரியுடன் இணைக்கும் பக்க அட்டவணை உயிர்பெறும் அக்கணத்தில், தான் நிற்கும் இடமே இல்லாமற்போகும் நிலைக்கு வருகிறது. ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸ் இதைக் கடக்கும் விதம் நுட்பமானது: பிழை நேர்ந்தால் செயலி தாவவேண்டிய முகவரியாக அடுத்த கட்டளையின் மெய்நிகர் முகவரியையே முன்கூட்டிக் குறித்துவைத்துப் பின்னர் அட்டவணையை இயக்குவதால், நேரும் பிழையே நிரலைப் புதிய இடத்தில் கொண்டுசேர்க்கிறது. பிறர் வைத்த இத்தகைய வரிகளைத் தேவையற்றவை என்று எண்ணி நீக்கும் அவசரம், வேறெதையும்விட ஆபத்தானது.

கியூஎமு போன்ற போலிச் செயலியில் கெர்னல் பிழையின்றி எழுந்துவிட்டது என்பது பாதி வேலைகூட ஆகாது. காரணம், நினைவகத்தில் எழுதுபவை தெரியும் வரிசை செயலிக்குச் செயலி மாறுகிறது. எக்ஸ்86இல் ஒரு கோர் (செயலியின் ஒரு உட்கரு) அடுத்தடுத்து எழுதியவை மற்றக் கோர்களுக்கும் அதே வரிசையில் தெரியும். ஆர்மும் ரிஸ்க்-ஃபைவும் அவ்வுறுதியை அளிப்பதில்லை. பழைய ஆல்ஃபா செயலி இன்னும் ஒருபடி மேலே சென்று, புதிய முகவரியைப் படித்த கோர் அம்முகவரியில் பழைய தரவையே காணவும் இடமளித்தது. எக்ஸ்86 கணினியில் ஓடும் போலிச் செயலியில் இவ்வரிசையை நம்பி எழுதியதால் எழும் பிழைகள் பல தலைகாட்டா. பல கோர்கள் கொண்ட உண்மைப் பலகையில், நாட்கணக்கில் சுமையேற்றும்போதே அவை வெளிப்படும். வரிசையை உறுதிசெய்யும் தடைக் கட்டளையை அங்கே இட நேர்ந்தால், மறு கோரில் எந்த வாசிப்பு அதற்கு இணையாக நிற்கிறது என்பதை அதே வரியின் மேல் குறிப்பாக எழுதிவைப்பது நல்லது. அடுத்த செயலிக்கு இதே கெர்னலைக் கொண்டுசெல்பவர் தேடப்போவது அக்குறிப்பைத்தான்.