அந்த வரிசையில எத்தனை பேர்?

எரிக் ஹெக் எடுத்த சில்கூட் கணவாய் போட்டோவை இணையத்துல தேடிப் பாருங்க. வெள்ளை வெளேர்னு ஒரு பனிச்சரிவு, அதுல எறும்பு வரிசை மாதிரி ஆட்கள். அலாஸ்காவிலிருந்து கனடாவின் க்ளோண்டைக் தங்க வயல்களுக்குப் போற வழி அது. 1897-98 குளிர்காலம்.

"எவ்வளவு கூட்டம்!"னு தோணும். ஆனா போட்டோவை மட்டும் நம்பாதீங்க, பக்கத்துல இன்னொரு ஆவணத்தையும் வைங்க: கனடா போலீஸ் போட்ட விதி. ஒரு வருஷத்துக்கான சாப்பாடு இல்லாம யாரும் உள்ளே வரக்கூடாது. கருவிகள், கூடாரம் எல்லாம் சேர்த்தா ஆளுக்குக் கிட்டத்தட்ட 900 கிலோ.

இப்போ கணக்குப் போடுங்க. ஒரு நடைக்கு 25 கிலோ தூக்கினா 36 நடை. கூலிக்கு ஆள் வைக்கக் காசில்லாதவர் அத்தனை தடவையும் தானேதான் ஏறணும். அந்த வரிசையில பலர் நேத்தும் ஏறினவங்க, நாளைக்கும் ஏறப்போறவங்க.

மூணாவது ஆவணம், சுரங்க நிலப் பதிவேடு. தங்கம் கிடைச்சது 1896 ஆகஸ்ட்ல. அந்தப் பகுதியில ஏற்கெனவே இருந்தவங்க சீக்கிரமே நல்ல ஓடைகளை எல்லாம் தங்கள் பேர்ல பதிஞ்சுக்கிட்டாங்க. போட்டோவில இருக்கறவங்க டாசன் நகரம் போய்ச் சேர்ந்தது 1898 கோடையிலதான். ஏறும்போது இது அவங்கள்ல பலருக்குத் தெரியாது.

அடுத்த தடவை பழைய போட்டோ ஒண்ணு பார்த்தா, அதுல இருக்கறவர் எத்தனாவது நடையில இருக்கார்னு கேட்டுப் பாருங்க.