கோதுமைத் துரு கோடையை எங்கே கழிக்கிறது?

இரும்பு துருப்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோதுமைப் பயிரிலும் ‘துரு’ உண்டு. ஆனால் இது ‘பக்சீனியா கிராமினிஸ்’ என்னும் பூசணத்தால் வரும் நோய். நோயுற்ற தண்டை விரலால் தடவினால் செங்கல் தூள் போன்ற பொடி ஒட்டிக்கொள்ளும். அப்பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு யூரிடோஸ்போர். காற்றில் பறந்து வேறொரு கோதுமைச் செடியில் விழும் இது, ஈரம் கிடைத்தால் முளைக்கும். ஏறத்தாழ இரண்டு வாரத்திற்குள் அச்செடியிலும் செம்பொடி தோன்றிவிடும்.

கதிர் முற்றும்போது செந்நிறப் புண்கள் கருநிறமாகின்றன. அவற்றில் இருப்பவை தடித்த சுவரும் இரண்டு செல்களும் கொண்ட டீலியோஸ்போர்கள். குளிர் நாடுகளில் இவை பனிக்காலம் முழுவதும் வைக்கோலில் உறங்குகின்றன. வசந்த காலத்தில் முளைத்து பெசிடியோஸ்போர்களைத் தருகின்றன. விந்தை என்னவென்றால், பெசிடியோஸ்போர்களால் கோதுமையைத் தாக்க முடியாது! பார்பெரி என்னும் முட்செடியின் இலைதான் அவற்றிற்கு வேண்டும். அவ்விலையின் மேற்புறத்தில் குடுவை வடிவப் பிக்னியங்கள் உண்டாகின்றன. அவற்றில் சுரக்கும் தேன்துளியை நாடி வரும் பூச்சிகள் பிக்னியோஸ்போர்களை இடம் மாற்ற, இனக்கலப்பு நிகழ்கிறது. பிறகு இலையின் அடிப்புறத்தில் கிண்ணங்கள் தோன்றி ஏசியோஸ்போர்களை வெளிவிடுகின்றன. இவை பார்பெரியைத் தாக்கா, கோதுமையையே தாக்கும்.

ஆக, ஐந்து வகை ஸ்போர்கள், இரண்டு ஓம்புயிர்கள். இத்தொடர்பை 1865-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் அன்டன் டி பாரி மெய்ப்பித்தார். இதன் அடிப்படையில் அமெரிக்காவில் 1918 முதல் கோடிக்கணக்கான பார்பெரிச் செடிகள் அழிக்கப்பட்டன.

நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கும் மலைகளில் பார்பெரி இனங்கள் வளர்கின்றன. ஆனால் சமவெளிக் கோதுமைக்கு நோய் அவற்றிலிருந்து வருவதில்லை. அறுவடைக்குப் பின் வயலில் கோதுமை இல்லை. யூரிடோஸ்போர்களோ கோடை வெயிலில் மடிந்துவிடும். அப்படியானால் ஆண்டுதோறும் துரு எங்கிருந்து வருகிறது?

ஆக்ராவைச் சேர்ந்த பேராசிரியர் கே. சி. மேத்தா பல்லாண்டுகள் ஆராய்ந்து விடை கண்டார். கோடையில் துருவுக்குப் புகலிடம் குளிர்ந்த மலைகளே. மத்திய, தென்னிந்தியக் கோதுமையைத் தாக்கும் தண்டுத் துருவுக்கு நீலகிரியும் பழனி மலையும் கோடைக்கால வீடுகள். அங்குக் கோடையிலும் கோதுமை நிற்பதால், பார்பெரியின் உதவியின்றி, யூரிடோஸ்போர் நிலையிலேயே பூசணம் தொடர்ந்து வாழ்கிறது. நவம்பர் மாத வாக்கில் வங்கக் கடலில் எழும் புயல்களை ஒட்டிய காற்று ஸ்போர்களை வடக்கே சுமந்து செல்கிறது. மழை அவற்றை மத்திய இந்திய வயல்களில் இறக்கிவிடுகிறது. இவ்வுண்மையைப் பிற்கால ஆய்வாளர்கள் விளக்கினர்.

ஆகவே, நம் நாட்டில் பார்பெரியை வெட்டிப் பயனில்லை. சங்கிலியை மலையிலேயே அறுக்க வேண்டும். துருவைத் தாங்கும் கோதுமை வகைகள் அம்மலைகளில் பயிரானால், வடக்கே செல்லும் ஸ்போர்கள் குறையும். நீலகிரியின் வெல்லிங்டனில் உள்ள கோதுமை ஆராய்ச்சி நிலையம் இத்தகைய வகைகளை உருவாக்கி வருகிறது. ஆனால் பூசணமும் சும்மா இருப்பதில்லை. 1998-இல் உகாண்டாவில் கண்டறியப்பட்ட புதிய துரு இனம், அதுவரை நோயை எதிர்த்து நின்ற பல வகைகளையும் வீழ்த்தியது.

ஒரே பூசணம்தான், ஆயினும் அது வாழும் வழி நாட்டுக்கு நாடு மாறுகிறது. அவ்வழியை அறிந்தால்தான் அதை எங்கே மறிப்பது என்பது புலப்படும்.