பாறையாகக் கிடக்கும் கள்ளி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அரியோகார்ப்பஸ் ஃபிஸ்சுராட்டஸ் என்பது அமெரிக்காவின் மேற்கு டெக்சஸிலும் வட மெக்சிகோவிலும் விரிந்து கிடக்கும் சிவாவா பாலைவனத்துக் கள்ளி. சுண்ணாம்புக்கல் சரளைக்கு நடுவே, வெடித்த சாம்பல் நிறக் கல்லைப் போலத் தரையோடு தரையாக இருக்கும். ‘உயிருள்ள பாறை’ என்ற பெயர் அதனால் வந்தது.

கள்ளி என்றால் முள்ளும் பாலும் இருக்கும் என்பது பொது எண்ணம். வளர்ந்த அரியோகார்ப்பஸில் இரண்டும் இல்லை. பால் வடியும் சதுரக்கள்ளியும் திருகுக்கள்ளியும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் பலரும் அறிந்த சப்பாத்திக்கள்ளிதான் அமெரிக்காவிலிருந்து வந்த, அரியோகார்ப்பஸின் உண்மையான உறவு. முள் இல்லாத இந்தச் செடிக்குக் கசப்பான ஆல்கலாய்டுகள் ஓரளவு காவல். மெக்சிகோவில் ‘காட்டுப் பெயோட்டி’ என்று பொருள்படும் பெயரும் இதற்கு உண்டு. அதை வைத்து, பெயோட்டி என்ற கள்ளியில் உள்ள மெஸ்கலின் என்னும் மயக்கப்பொருள் இதிலும் இருப்பதாகச் சிலர் நம்புகிறார்கள். இதில் அறியப்பட்டவை ஹோர்டெனின் போன்ற வேறு பொருள்கள்.

கோடையில் சுருங்கிக் கிடக்கும் செடியைச் செத்துவிட்டதாக நினைப்பதும் தவறு. கண்ணுக்குத் தெரிவது மேற்பரப்பு மட்டும். தடித்த கிழங்கு போன்ற வேர் மண்ணுக்குள் நீரைச் சேர்த்து வைத்திருக்கிறது. வறட்சியில் செடி வற்றி மண்ணோடு அமிழும், மழை வந்தால் மீண்டும் உப்பும். முதிர்ந்த செடியின் பஞ்சு போர்த்திய நடுவில் இலையுதிர்காலந்தோறும் இளஞ்சிவப்புப் பூ விரியும்.

சேகரிப்பாளர்களிடையே உலவும் ஒரு நம்பிக்கைதான் மிகுந்த கேடு செய்கிறது: இவ்வளவு மெதுவாக வளர்வதைத் தோட்டத்தில் உருவாக்க முடியாது, காட்டில் தோண்டியே ஆகவேண்டும் என்பது. உண்மையில் விதை நன்றாக முளைக்கும். பூக்கப் பத்தாண்டு வரை ஆகலாம். வேகமாக வளரும் வேறு கள்ளியின் மேல் ஒட்டுக்கட்டினால் அந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறையும். தோண்டியெடுக்கும்போதோ கிழங்குவேர் அறுபடுகிறது. காயத்தின் வழியே அழுகல் ஏறி, விலைகொடுத்து வாங்கிய செடியே மடிந்துபோகலாம். காட்டில் அந்த இடத்தை இன்னொரு நாற்று நிரப்பப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

அழிவுநிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் அரியோகார்ப்பஸ் பேரினம் முழுவதும் இடம்பெற்றிருக்கிறது. காட்டுச் செடியை நாடு விட்டு நாடு விற்பதற்கு அதில் தடை; நாற்றங்காலில் வளர்த்த செடி உரிய அனுமதியுடன் எல்லை கடக்கலாம். விதையிலிருந்து வளர்ந்த செடி பெரும்பாலும் சீராக, வடுவின்றி இருக்கும். வெயிலிலும் சரளையிலும் தேய்ந்த முனைகளும் பழைய காயங்களும் காட்டுச் செடியைக் காட்டிக்கொடுக்கும். அந்த வடுக்களையே அழகென்று தேடி வாங்குபவர்கள் இருக்கும்வரை, தோண்டுபவர்களுக்கும் வேலை இருக்கும்.