அம்மாவோடு போக எந்தப் பேராலய ஊர்?

லண்டனுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் அம்மாவையோ அப்பாவையோ காலையில் ரயிலேற்றி இரவுக்குள் வீடு கொண்டுவந்து சேர்க்க நான்கு பேராலய ஊர்கள் தோதானவை: கேன்டர்பரி, சால்ஸ்பரி, வின்செஸ்டர், ஈலி. யாரைக் கேட்டாலும் முதலில் கேன்டர்பரியைச் சொல்வார்கள். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு நான் சொல்வது சால்ஸ்பரி.

வாட்டர்லூவிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். 1220-ல் அடிக்கல் நாட்டி முக்கியக் கட்டடத்தை 1258-க்குள் கட்டி முடித்துவிட்டதால் பேராலயம் பெரும்பாலும் ஒரே கை வேலைபோல இருக்கும். உள்ளே தரை பெரும்பாலும் சமம், படியேற்றம் குறைவு. பிரிட்டனிலேயே உயரமான 123 மீட்டர் கூம்புக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க வேண்டாம்; சிற்றுண்டிச்சாலைக்குக் கண்ணாடிக் கூரை, தேநீர் குடித்தபடியே பார்க்கலாம். 1215-ஆம் ஆண்டு உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவின் எஞ்சியிருக்கும் நான்கு பிரதிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. முகப்பே இல்லாமல் மணி மட்டும் அடிக்கும் பழங்காலக் கடிகாரத்தின் முன்னால் அப்பாக்கள் நெடுநேரம் நின்றுவிடுவார்கள். வெளியே பரந்த புல்வெளி. கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை அங்கே நிதானமாகச் சாப்பிடலாம். கோபுரத்துக்குள் ஏற 332 படிகள், அது பெற்றோருக்கு வேண்டாம். அதே நாளில் பக்கத்திலுள்ள ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தையும் சேர்த்துக்கொள்ளத் தோன்றும். சேர்த்தால் இரண்டையும் ஓட்டமாகத்தான் பார்ப்பீர்கள், அம்மா களைத்துப்போவார்.

ஆனால் வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வந்த அம்மா என்றால் பழைய யாத்திரைத் தலமான கேன்டர்பரிதான். செயின்ட் பாங்க்ரஸிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பேராயர் தாமஸ் பெக்கெட் 1170 டிசம்பர் 29 அன்று பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய திருத்தலத்தை 1538-ல் எட்டாம் ஹென்றி அழித்துவிட, அது இருந்த வெறுந்தரையில் இன்று ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. அங்கே ஏறும் படிகள் யாத்திரிகர்களின் காலும் முழங்காலும் பட்டுக் குழிந்தவை. கொலை நடந்த இடத்தில் 1982-ல் போப் இரண்டாம் ஜான் பாலும் ஆங்கிலிக்கன் பேராயர் ராபர்ட் ரன்சியும் சேர்ந்து மண்டியிட்டு ஜெபித்தார்கள். கத்தோலிக்க அம்மாவுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். படிகளைக் கைபிடித்து மெதுவாக ஏற்றிவிடுங்கள்.

புத்தகம் படிக்கிற, பொறியியல் பேசுகிற அப்பாவுக்கு வின்செஸ்டர். ஜேன் ஆஸ்டின் 1817-ல் இங்கே அடக்கமானார். கல்லறைக் கல்லில் அவர் நாவல் எழுதியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. சதுப்பு மண்ணில் அமிழ்ந்துகொண்டிருந்த இந்தக் கட்டடத்துக்காக வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பவர் 1906 முதல் 1911 வரை இருண்ட நீருக்குள் இறங்கி அஸ்திவாரத்தைத் தாங்கி நிறுத்தினார். அந்த உழைப்பை நினைத்துக்கொண்டு உள்ளே நடந்தால் தூண்களே வேறு மாதிரி தெரியும்.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு ஈலி. கிங்ஸ் கிராஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். சுற்றிலும் தட்டையான நிலம் என்பதால் பேராலயம் ரயில் ஜன்னலிலேயே தெரிந்துவிடும். 1322-ல் நடுக்கோபுரம் இடிந்து விழ, அந்த இடத்தில் எண்கோணக் கோபுரம் எழுப்பினார்கள். அதன் கீழே நாற்காலியில் உட்கார்ந்து மேலே பார்த்தாலே போன காரியம் முடிந்தது. குளிர்காலத்தில் அங்கே காற்று கடுமை. சால்வை போதாது, கோட்டு வேண்டும்.

எங்கே போனாலும் முந்தின நாளே பேராலய இணையதளத்தைப் பாருங்கள். பட்டமளிப்பு விழா நாட்களில் உள்ளே விடாமல் போகலாம். 60 வயதானவர்களுக்கான சீனியர் ரெயில்கார்டு வாங்கினால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும், காலை நெரிசல் நேரத்தைத் தவிர்த்துக் கிளம்புங்கள். வாசலில் அம்மா பழக்கத்தில் செருப்பைக் கழற்றப் போவார். கல்தரை சில்லென்றிருக்கும், போட்டுக்கொண்டே வரலாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். பெரும்பாலான நாட்களில் மாலை 5.30 வாக்கில் ஈவன்சாங் என்னும் பாடல் வழிபாடு உண்டு. கட்டணமில்லை, எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை, முக்கால் மணி நேரம் உட்கார்ந்தே கேட்கலாம். அதற்கேற்பத் திரும்பும் ரயிலைத் தாமதமாகவே பதிவு செய்யுங்கள்.