மூன்று முறை மறுத்தவர்

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். ரோம் நகரத்துப் பாந்தியன் கோயிலின் படத்தை அனுப்பி, முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயர் எந்தச் சக்கரவர்த்தியுடையது என்று கேட்டிருந்தாய். சக்கரவர்த்தி இல்லை அம்மா. லூசியஸின் மகன் மார்க்கஸ் அக்ரிப்பா மூன்றாம் முறை கான்சல் என்ற தலைமைப் பதவியில் இருந்தபோது கட்டியது என்று அங்கே எழுதியிருக்கிறது. அவர் கட்டிய கோயில் பிறகு தீக்கிரையாகிவிட்டது. இப்போது நிற்பது ஏறத்தாழ 150 ஆண்டுகள் கழித்து ஹாட்ரியன் சக்கரவர்த்தி காலத்தில் எழுந்த கட்டடம். புதிதாகக் கட்டியும் பழைய பெயரையே பொறித்தார்கள். உன் பாடப்புத்தகத்தில் சீசர் இருப்பார், அகஸ்டஸ் இருப்பார். அக்ரிப்பாவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் அகஸ்டஸின் ராஜ்யத்தைப் பாதிக்கு மேல் ஜெயித்துக் கொடுத்தவர் இவர்தான் என்பது என் கட்சி.

கி.மு. 63ஐ ஒட்டிப் பிறந்தவர். பெரிய குடும்பம் இல்லை. விப்சானியஸ் என்ற குடும்பப் பெயரை அவரே பின்னாளில் சொல்லிக்கொள்வதில்லை. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் கொலையுண்ட செய்தி வந்தபோது, இன்றைய அல்பேனியாவில் இருக்கும் அப்பொலோனியாவில் சீசரின் சகோதரி பேரன் ஆக்டேவியனோடு இருந்தார். இருவருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை. சீசர் தம் உயிலில் ஆக்டேவியனை மகனாக ஏற்றிருந்தார். வாரிசுக்குப் பெயர் இருந்தது, பணம் இருந்தது, அரசியல் சூழ்ச்சியும் கைவந்தது. உடம்பு மட்டும் நோஞ்சான். போர்க்களம் அவருக்கு ஒத்துவரவில்லை. அந்தக் குறையை நிரப்பியவர் அக்ரிப்பா.

கி.மு. 38இல் கால் நாட்டில், இன்றைய பிரான்சில், கலகத்தை அடக்கிவிட்டு ரைன் ஆற்றையும் கடந்து திரும்பினார். ரோமில் தளபதிக்குக் கிடைக்கக்கூடிய உச்ச மரியாதையான வெற்றி ஊர்வலம் அவருக்குக் காத்திருந்தது. வேண்டாம் என்றுவிட்டார். அதே சமயத்தில் எதிரி செக்ஸ்டஸ் பாம்பேயிடம் ஆக்டேவியன் கடலில் தோற்று, மிச்சக் கப்பல்களைப் புயலுக்கும் பறிகொடுத்திருந்தார். நண்பன் தலைகுனிந்து நிற்கும்போது நான் தேரில் போவதா என்பது அவர் கணக்கு.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செக்ஸ்டஸின் கையில் சிசிலி. ரோமுக்குத் தானியம் வரும் வழியை அவர் அடைத்து வைத்திருந்தார். அவரை வெல்லக் கப்பல் வேண்டும், கப்பல் கட்டப் பத்திரமான துறை வேண்டும். நேப்பிள்ஸ் பக்கத்தில் லுக்ரீனஸ், அவெர்னஸ் என்று இரண்டு ஏரிகள். இரண்டையும் கால்வாய் வெட்டி இணைத்து, கடலுக்கு வழி திறந்து, துறைமுகமே உண்டாக்கினார் அக்ரிப்பா. துடுப்புப் போட 20,000 அடிமைகளுக்கு விடுதலை கொடுத்துப் பயிற்சி அளித்தார்கள். எதிரியின் மாலுமிகள் கைதேர்ந்தவர்கள். இவருடைய ஆட்களோ புதியவர்கள். லாவகத்தில் தோற்போம் என்று தெரிந்ததும் லாவகத்துக்கே வேலையில்லாமல் செய்தார். ஓர் ஆளைவிட நீளமான, இரும்புத் தகடு போர்த்திய கட்டை. ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் கயிறுகள். அதைப் பொறியில் வைத்து எதிரிக் கப்பல் மேல் எறிவது, கொக்கி மாட்டியதும் கயிற்றைச் சுற்றி இழுப்பது. கட்டையை வெட்டினால் இரும்பு தடுக்கும். கயிறோ எதிரியின் கைக்கு எட்டாது. கப்பல்கள் ஒட்டிக்கொண்டால் அப்புறம் நடப்பது தரைப்படைச் சண்டைதான். கி.மு. 36இல் நவ்லோக்கஸில் இருபுறமும் சுமார் 300 கப்பல்கள் மோதின. செக்ஸ்டஸ் தப்பியது 17 கப்பல்களோடு.

கி.மு. 33இல் இன்னொரு வேடிக்கை. ஏற்கெனவே கான்சலாக இருந்த மனிதர், ஈடைல் என்ற நகரப் பராமரிப்புப் பதவியை ஏற்றார். மந்திரியாக இருந்தவர் நகராட்சி வார்டு வேலைக்கு வந்தது போல. வந்தவர் சும்மா இருக்கவில்லை. பழுதான நீர்க்கால்வாய்களைச் சீராக்கினார், புதிதாக ஒன்று கட்டினார். தெருவெங்கும் நூற்றுக்கணக்கில் தண்ணீர்த் தொட்டிகளும் ஊற்றுகளும் வைத்தார். குளியல் இலவசம். நகரத்தின் பெரிய சாக்கடைச் சுரங்கத்தைச் சுத்தம் செய்து, அதற்குள்ளேயே படகில் டைபர் ஆறுவரை போய்வந்தார். செலவு முழுக்கத் தன் பணம். இதில் அரசியல் இல்லை என்று நினைத்துவிடாதே. ஆக்டேவியனுக்குப் போட்டியாளராகிவிட்ட மார்க் ஆண்டனி, எகிப்து அரசி கிளியோபாட்ராவோடு இருந்த நேரம் அது; சண்டை வருவதற்குள் ரோம் நகரத்து ஜனங்களை ஆக்டேவியன் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. இருந்தாலும் சாக்கடையில் இறங்கிய அரசியல்வாதிக்கு என் ஓட்டு உண்டு.

கி.மு. 31இல் ஆக்டியம். ஆண்டனிக்குத் தானியமும் ஆளும் வரும் கிரேக்கத் துறைகளை ஒவ்வொன்றாக முன்கூட்டியே பிடித்து, அவரைப் பட்டினி போட்டுவிட்டார் அக்ரிப்பா. செப்டம்பர் 2 அன்று நடந்த கடற்போர் பாதி முடிந்துபோன விஷயம். அடுத்த ஆண்டு எகிப்து ரோமின் கைக்கு வந்தது. ஆக்டேவியன் அகஸ்டஸ் ஆனார்.

அக்ரிப்பா கி.மு. 19இலும் 14இலும் மறுபடி ஊர்வலத்தை மறுத்தார். இது பணிவா, தந்திரமா? இரண்டும்தான் என்பேன். ஒருவர் கைக்குள் போய்விட்ட நாட்டில் இன்னொரு தளபதி ஜெயகோஷத்தோடு வலம் வருவது ஆபத்து. அது அவருக்குத் தெரியும். இவரை இவ்வளவு பெரியவராக்கிவிட்டீர்கள், இனி மருமகனாக்கிக்கொள்ளுங்கள் அல்லது கொன்றுவிடுங்கள் என்று ஆலோசகர் மைசினஸ் அகஸ்டஸுக்கு யோசனை சொன்னதாக வரலாற்றாசிரியர் டியோ எழுதுகிறார். அகஸ்டஸ் முதலாவதைச் செய்தார்: இருந்த மனைவியை விலக்கச் சொல்லி, தன் மகள் ஜூலியாவைக் கட்டிவைத்தார்.

அவரைத் தெய்வமாக்கிவிடவும் வேண்டாம். ஆக்டேவியனும் கூட்டாளிகளும் போட்ட கொலைப் பட்டியலில் பேச்சாளர் சிசரோவின் தலை போனபோதும் அக்ரிப்பா நண்பனை விட்டு நகரவில்லை. ரோமானியக் குடியரசின் கதை முடிந்ததில் அவருக்கும் பங்குண்டு. விசுவாசத்தை மெச்சும்போது, அது யாருக்கு, எதற்கு என்றும் நீ கேட்க வேண்டும்.

கி.மு. 12இல், 51 வயதளவில் இறந்தார். அகஸ்டஸ் தனக்காகக் கட்டிய கல்லறையிலேயே அவரை வைத்தார். குளியலகத்தையும் தோட்டங்களையும் ரோம் ஜனங்களுக்கே எழுதிவைத்திருந்தார் அக்ரிப்பா. பேரன் கலிகுலாவோ, இப்படிச் சாதாரணக் குடியில் வந்தவர் என் தாத்தா என்று சொல்லவே வெட்கப்பட்டான்.

இந்தக் கதைக்கு நம் ஊரோடும் தொடர்பு உண்டு. எகிப்து ரோமின் கைக்கு வந்தபின் 120 கப்பல்கள்வரை செங்கடலிலிருந்து இந்தியாவுக்குப் போனதாக அக்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ சொல்கிறார். மிளகுக்கும் மணிகளுக்கும் விலையாக வந்த வெள்ளிக் காசுகள் நம் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் புதையல்களில் கிடைத்திருக்கின்றன. லீவில் வரும்போது எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் ரோமானியக் காசுகளைப் பார்ப்போம். அகஸ்டஸ் காசுகளில் நம் நாட்டில் அதிகம் கிடைக்கும் வகையின் பின்பக்கத்தில் கேடயங்களோடு இரண்டு இளைஞர்கள் நிற்பார்கள். கேயஸ், லூசியஸ், அக்ரிப்பா பெற்ற பிள்ளைகள். அகஸ்டஸ் தத்தெடுத்துக்கொண்டதால், காசில் அவர்களை அகஸ்டஸின் மகன்கள் என்றே எழுதியிருக்கிறது.

அன்புடன்,
பெரியப்பா